வந்துகொண்டே இருந்த கோப்பு

சிங்காநல்லூரில் வெங்கடபதியின் பேட்டர்ன் கடையில், கோமளாவின் மேசைக்குக் கீழே ஒரு பழைய கம்ப்யூட்டர் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்குத் திரை கிடையாது, கீபோர்டு கிடையாது. விசிறியின் இரைச்சலும் ஒரு பச்சை விளக்கும்தான் அது உயிரோடிருப்பதற்கு அடையாளம். தெரியாதவர்கள் அதன்மேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். "காலை எடுங்கண்ணா, அதுதான் நம்ம கடை வாசல்" என்பாள் கோமளா.

உண்மையிலேயே வாசல்தான். உருகிய இரும்பை ஊற்ற மணலில் அச்சு வேண்டும்; அந்த அச்சை எடுக்க மாதிரி உருவம் வேண்டும். அதைச் செய்து கொடுப்பது பேட்டர்ன் கடையின் வேலை. பாதி மரத்தில் நடக்கும், மீதி கம்ப்யூட்டரில் நடக்கும். கம்ப்யூட்டரில் நடப்பது எல்லாம் வரைபடக் கோப்புகள். அந்தக் கோப்புகள் உள்ளே வருவதும் வெளியே போவதும் மேசைக்குக் கீழே இருக்கும் அந்தப் பெட்டி வழியாகத்தான்.

கோமளா இந்தக் கடைக்கு வந்தது பில் அடிக்க. பன்னிரண்டாம் வகுப்பும் டைப்ரைட்டிங்கும்தான் படிப்பு. அப்பா மில்லில் பஞ்சு பிரிக்கும் பகுதியில் இருந்தார். மில் மூடியபோது மூத்த பெண்ணான இவள் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று. பில் அடித்த நேரம் போக, பக்கத்து நாற்காலிக்காரர் வரைபடம் போடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் வளைகுடாவுக்குப் போனதும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் உட்காரச் சொல்லவில்லை. எழுந்திரு என்றும் சொல்லவில்லை.

வரைபடங்கள் பெரிதாகி மெயிலில் போக மறுத்த காலத்தில் பென்டிரைவ்தான் கதி. பேட்டர்ன் ஆசாரியாக இருந்து முட்டி வலியால் வண்டி ஓட்டத்துக்கு மாறிய பாலுசாமி, அவற்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மதுக்கரைக்கும் பெருந்துறைக்கும் பைக்கில் போய்வருவார். ஒரு மழைக்காலத்தில் மூன்று பென்டிரைவ் நனைந்து செத்த பிறகுதான் கோமளா, நாமே ஒரு சர்வர் வைத்துக்கொண்டால் என்ன என்று யோசித்தாள்.

வைத்தாள். மத்தியான சாப்பாட்டு இடைவேளைகளில், ஒரு கையில் தயிர்சாதமும் மறு கையில் மவுஸுமாக, உதவிப் பக்கங்களை வரி வரியாகப் படித்து வைத்தாள். முதல் வாரம் கடவுச்சொல் இல்லாமல் யார் வேண்டுமானாலும் நுழையும்படி கதவைத் திறந்து போட்டுவிட்டாள். திங்கட்கிழமை வந்து பார்த்தால் ஊர்பேர் தெரியாத எவனெவனோ உள்ளே புகுந்து சினிமாப் படங்களாகக் கொட்டி டிஸ்க்கை நிரப்பிவிட்டுப் போயிருந்தான்கள். "படமெல்லாம் நல்லாருக்குதா அம்மணி?" என்று பாலுசாமி ஆறு மாதம் கேட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு தடவை, எழுத்துக் கோப்பை அனுப்பும் முறையிலேயே வரைபடக் கோப்பையும் அனுப்பி, ஒரு வால்வின் படம் மறுமுனையில் நொறுங்கிப்போய்த் திறந்தது. எந்தத் தப்பையும் அவள் இரண்டாம் தடவை செய்ததில்லை. அதற்காகவே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஒழுங்கு வைத்துக்கொண்டாள். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் சர்வரில் தனி அறை; ஒருவர் அறை மற்றவர் கண்ணில் படக்கூடாது. அனுப்பியதும் இந்தப் பக்க அளவும் அந்தப் பக்க அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் நாற்காலியை விட்டு எழமாட்டாள். ஒரே கோப்பை இரண்டு பெயரில் அனுப்பவே மாட்டாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம், ஒரு புதன்கிழமை. காலையிலேயே பூவாத்தாள் வந்து கடை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பவானி ஆற்றிலிருந்து மேட்டுக் காடுகளுக்குத் தண்ணீர் ஏற்றும் பாசன சங்கத்துக்கு அவர்தான் தலைவர். சங்கத்தின் பெரிய பம்பில், உள்ளே சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம் விண்டுபோயிருந்தது. பம்பு செய்த கம்பெனியே இப்போது இல்லை. உடைந்த சக்கரத்தைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வெங்கடபதியிடம் கொடுத்திருந்தார்கள். கோமளா அதன் ஒவ்வொரு வளைவையும் அளந்து, தேய்ந்துபோன பகுதிகளைக் கணக்கிட்டு, கம்ப்யூட்டரில் புதிதாக வரைந்திருந்தாள்.

மரத்தில் மாதிரி செய்ய நேரமில்லை. பெருந்துறைப் பக்கம் ஒரு மையத்தில், வரைபடத்தைக் கொடுத்தால் மணல் அச்சையே நேராக அடுக்கடுக்காக அச்சடித்துக் கொடுக்கும் பெரிய இயந்திரம் வந்திருக்கிறது. அதில் அன்று மாலை ஓர் இடம் கிடைத்திருந்தது. நாலு மணிக்குள் கோப்பு அவர்கள் சர்வருக்குப் போய், அங்கே பரிசோதனையில் தேறிவிட வேண்டும். தவறினால் இடம் வேறொருவருக்குப் போகும். அடுத்த இடம் பொங்கல் விடுமுறையும் இயந்திரப் பராமரிப்பும் முடிந்து மாதக் கடைசியில்தான்.

"மாசக் கடைசின்னா மஞ்சக் காடு தாங்காதுங் அம்மணி" என்றார் பூவாத்தாள். "பக்கத்துத் தோட்டத்துக் கெணத்துல கெஞ்சிக் கூத்தாடித் தண்ணி வாங்கிட்டிருக்கறோம். அவிய இன்னும் பத்து நாளைக்கு மேல குடுக்கமாட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் சங்கத்துல கூடறோம். சக்கரம் வருதுன்னா நிக்கட்டும். வரலைன்னா, முத்தாத மஞ்சளப் பச்சையாவே வெட்டிப்போட்டு வந்த வெலைக்குத் தள்ளிப்போடலாம்னு ஒரே பேச்சா இருக்குது. பதில் சொல்லிப்போட்டுத்தான் நான் பஸ் ஏறோணும்."

"மத்தியானத்துக்குள்ள சொல்லிரலாங்க" என்றாள் கோமளா.

மையத்தின் சர்வருக்கான பெயரும் கடவுச்சொல்லும் அன்று காலைதான் மெயிலில் வந்தன. அதோடு நிபந்தனைகளும். அது உள்ளே போடுவதற்கு மட்டுமான அறை: கோயில் உண்டியல் மாதிரி. போடலாம், போட்டதைப் பார்க்க முடியாது, எடுக்க முடியாது, அழிக்க முடியாது, பெயர் மாற்ற முடியாது, அதே பெயரில் மேலே வேறொன்றை வைக்கவும் முடியாது. உள்ளே ஒரு தானியங்கி நிரல் உட்கார்ந்து, முதலில் வந்ததை முதலில் எடுத்துச் சோதிக்கும். தேறினால் 'ஏற்கப்பட்டது' என்று மெயில் வரும்.

கோமளா புதுக் கணக்கை மேசைக்குக் கீழிருந்த பெட்டியில் பதிந்தாள். இணைப்பு சரியாக விழுந்தது. எந்தப் புதுச் சர்வரைத் தொட்டாலும் செய்வதுபோல, முதலில் 'உ' என்று பெயர் வைத்த ஒரு வெற்றுக் கோப்பை அனுப்பிப் பிள்ளையார் சுழி போட்டாள். அது போய்ச் சேர்ந்ததும் சக்கரத்தின் கோப்பை அனுப்பத் தொடங்கினாள். கனமான கோப்பு. நடுவில் ஒரு தடவை லைன் அறுந்தது. விட்ட இடத்திலிருந்து அதுவே தொடர்ந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே 'அனுப்புதல் முழுமை' என்று வந்துவிட்டது.

"போயிருச்சுங்க" என்றாள்.

பூவாத்தாள் போனை எடுத்துச் சங்கத்துக்குச் சொல்லப் போனார். "இருங்க, ஏத்துக்கிட்டோம்னு மெயில் வரட்டும்" என்று கோமளா தடுத்தாள்.

மெயில் வரவில்லை.

சாப்பிட்டு வந்தாள். வரவில்லை. டீ வந்தது. மெயில் வரவில்லை. கோமளா பதிவுகளைத் திறந்து மேலிருந்து கீழாகப் படித்தாள். இணைந்தது, அனுப்பியது, முடிந்தது. ஒரு பிழையும் இல்லை. அனுப்பிய முறை சரியா என்று பார்த்தாள். சரி. பதிவில் இருந்த அனுப்பிய அளவு, கோப்பின் அளவோடு இம்மி பிசகாமல் ஒத்தது. மையத்துக்குப் போன் செய்தாள். லோகப்பிரியா என்று ஒரு பெண் எடுத்தாள்.

"உங்க கடைப் பேர்ல இன்னைக்கு ஒரு ஃபைலும் ஏறலைங்க்கா."

"நான் அனுப்பி ரெண்டு மணி நேரமாச்சு கண்ணு. முழுசாப் போயிருச்சுன்னு உங்க சர்வரே சொல்லியிருக்குது."

"எங்களுக்கு வந்தாத்தானுங்க்கா நாங்க பார்க்க முடியும். லிஸ்ட்ல இல்லைங்க."

வெங்கடபதி பட்டறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். நல்ல மனிதர், ஆனால் பதற்றம் வந்தால் குரல் ஏறிவிடும். "என்னாச்சு?"

"அனுப்பியாச்சுங்க சார். அவங்களுக்குப் போய்ச் சேரலைங்கறாங்க."

"அனுப்பினா எப்படிச் சேராம இருக்கும்? இன்னொருக்கா அனுப்பு."

"ரெண்டாவது தடவை அனுப்பினா அதே பேர்ல வாங்காதுங்க. வேற பேர்ல அனுப்பலாம். முதல்ல அனுப்பினது பின்னால ஏறிருச்சுன்னா ரெண்டு அச்சு அடிச்சுப்போடுவாங்க."

பூவாத்தாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எனக்கொண்ணும் புரியலைங் அம்மணி. நீங்க அனுப்பிச்சாச்சுங்கறீங்க. அவிய வரலைங்கறாங்க. அப்ப நடுவால எங்க போயிருக்கும்? பஸ்ஸா, லாரியா, பஞ்சராகி நிக்கறதுக்கு?"

கோமளா பதிவுகளை மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். எங்கே நின்றது என்று தெரியாததுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. தெரியாமல் ஒன்றைச் செய்வது அவளுக்குப் பழக்கமில்லை.

வாசலில் பைக் உதைக்கும் சத்தம் கேட்டது. பாலுசாமி ஹெல்மெட்டோடு எட்டிப் பார்த்தார். "குடுங்க அம்மணி, நம்ம பழைய வைத்தியம். பென்டிரைவுல ஏத்திக் குடுங்க. நான் நேர்லயே கொண்டுபோய் அவுங்க கையில திணிச்சுப்போட்டு வாரேன்."

"பென்டிரைவை அவங்க தொடவே மாட்டாங்கண்ணா. முன்னால எவனோ வைரஸோட கொண்டுவந்து மெசினு ஒரு நாள் பூரா நின்னுபோச்சாம்."

"மூஞ்சியப் பார்த்தா வாங்கிக்குவாங்க. உங்க சர்வருக்கு மூஞ்சி இல்ல பாருங்க, அதுதான் மதிக்க மாட்டேங்குது."

வெங்கடபதி கோமளாவைப் பார்க்கவில்லை. "ஏத்திக் குடு. சும்மா உக்காந்திருக்கறதுக்குப் போகட்டும்" என்றார்.

அவள் ஏற்றிக் கொடுத்தாள். பைக் சத்தம் திருச்சி சாலைப் பக்கம் தேய்ந்து போனதும், வெங்கடபதி தணிந்த குரலில் சொன்னார்: "இந்தப் பெட்டிய நம்பித்தான் கோமளா மரத்துல செய்யாம விட்டேன். செய்ய ஆரம்பிச்சிருந்தா இந்நேரம் பாதி முடிஞ்சிருக்கும்."

திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

மறுபடி லோகப்பிரியாவுக்குப் போன் செய்தாள். இம்முறை வேறு மாதிரி கேட்டாள். "கண்ணு, ஏத்துக்கிட்ட லிஸ்ட்ல இல்லைன்னா விட்டுருங்க. எங்க கணக்குல என்ன நெலமை காட்டுதுன்னு மட்டும் பார்த்துச் சொல்லுங்க. எந்த நெலமையா இருந்தாலும் சரி."

கீபோர்டு தட்டும் ஓசை கேட்டது. "ரெண்டு இருக்குதுங்க்கா. ஒண்ணு 'காத்திருப்பு'ல இருக்குது. அதுக்கு முன்னால ஒண்ணு இன்னும் 'வந்துகொண்டிருக்கிறது'ன்னு காட்டுது."

"வந்துட்டிருக்குதா? நான் எதையும் அனுப்பலையே இப்ப."

"காலையில இருந்தே வந்துட்டிருக்குதுங்க்கா. அது முடிஞ்சாத்தான் அடுத்தத எடுக்கும். உங்க லைன் ஸ்லோவா?"

"அதோட பேர் என்னங்க?"

"பேர் வெறும் கட்டமா வருதுங்க. ஒரே ஒரு கட்டம். எங்க சிஸ்டத்துல அந்த எழுத்து இல்லபோல இருக்குது. அளவு... அளவு பூஜ்யம்னு போட்டிருக்குதுங்க."

காலையில் அவள் அனுப்பிய 'உ'.

எத்தனையோ சர்வரில் போட்ட பிள்ளையார் சுழி. எங்கேயும் ஒரு தொந்தரவும் செய்ததில்லை. அங்கேயெல்லாம் மனிதர்கள் கோப்புகளைக் கண்ணால் பார்த்து எடுத்தார்கள், வெறுமையாக இருந்ததை விட்டுவிட்டார்கள். இங்கே எடுப்பது நிரல். அளவு பூஜ்யமாக ஒரு கோப்பு இருந்தால், இன்னும் ஒன்றும் வந்து சேரவில்லை, அனுப்புகிறவர் அனுப்பிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அது எடுத்துக்கொள்ளும். முடியட்டும் என்று காத்திருக்கும். முதலில் வந்ததை முதலில் எடுப்பது அதன் விதி. அவள் போட்ட சுழி வாசற்படியில் நிற்க, அதன் முதுகுக்குப் பின்னால் சக்கரம் காலையிலிருந்து வரிசையில் நின்றுகொண்டிருந்தது.

"அதை அழிச்சுருங்க கண்ணு. அது வெறும் ஃபைல்."

"எனக்கு அந்த உரிமை கிடையாதுங்க்கா. ஆதர்ஷ் சார் ஒருத்தர்தான் சர்வரைத் தொட முடியும். அவரு டெல்லி ஃப்ளைட்ல இருக்கறாரு. இறங்கறதுக்கு ஆறு ஆயிரும்."

"நாலு மணிய அஞ்சா, ஆறா ஆக்க முடியாதுங்களா?"

"நான் ஆக்கற விசயமா இருந்தா இந்நேரம் ஆக்கியிருப்பேனுங்க்கா. நாலடிச்சா அதுவா அடுத்த பார்ட்டிக்கு மாறிக்கும்."

போனை வைத்துவிட்டு கோமளா திரும்பினாள். சொல்லித்தான் ஆக வேண்டும். சுருக்கமாகச் சொன்னாள். சர்வர் மேல் தப்பில்லை, லைன் மேல் தப்பில்லை, அவள் போட்ட பிள்ளையார் சுழிதான் வழியை மறித்துக்கொண்டிருக்கிறது என்று.

பூவாத்தாள்தான் முதலில் பேசினார்.

"புள்ளையாரே வழிய அடச்சுட்டு உக்காந்திருக்காருங்கறீங்களா?"

"நான்தானுங்க உக்கார வெச்சேன்."

"சரி, வெச்சது நீங்கதான? எந்திரிக்கச் சொல்லுங்க."

கோமளா மேசைக்குத் திரும்பினாள். அழிக்கப் பார்த்தாள்: அனுமதி இல்லை. பெயர் மாற்றப் பார்த்தாள்: அனுமதி இல்லை. அதே பெயரில் வேறு கோப்பை மேலே அனுப்பப் பார்த்தாள்: அனுமதி இல்லை. மூன்று கதவும் நிபந்தனையில் சொன்னபடியே பூட்டியிருந்தன. சுவர்க் கடிகாரம் மூன்றைத் தாண்டியிருந்தது. வெங்கடபதி மரத்தூள் படிந்த தரையில் முன்னும் பின்னும் நடந்தார். பூவாத்தாளின் போன் அடித்தது. "இருங்கொ, இன்னும் தெரியல. எதுக்கும் ஆளச் சொல்லி வெச்சுக்குங்க" என்று அவர் சொன்னது கோமளாவின் காதில் விழுந்தது. வெட்டு ஆளைச் சொல்கிறார்.

கோமளா நிபந்தனை மெயிலை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தாள். அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது ஒன்றுதான்: எழுதியிருப்பதைப் படிப்பது. அழிக்க முடியாது. மாற்ற முடியாது. மேலெழுத முடியாது. அதற்குக் கீழே, அவள் காலையில் மேலோட்டமாகத் தாண்டிப்போன ஒரு வரி: லைன் அறுந்து பாதியில் நின்ற கோப்பை, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து அனுப்பலாம்.

காலையில் சக்கரத்தின் கோப்பு அப்படித்தான் தொடர்ந்தது. லைன் சரியில்லாத கடைகளுக்காக அந்த ஒரு ஜன்னலை மட்டும் திறந்து வைத்திருக்கிறார்கள்.

சர்வரின் கணக்கில் 'உ' என்ன? பூஜ்யத்தில் நின்றுபோன கோப்பு. அதை அழிக்க வேண்டியதில்லை, மாற்ற வேண்டியதில்லை. முடித்துவைத்தால் போதும். ஏதாவது கொஞ்சம் எழுத்தை அதன் வாலில் ஒட்டினால், வந்துகொண்டிருந்தது வந்துவிட்டதாக ஆகும். நிரல் அதை எடுத்துப் பார்க்கும், வரைபடம் இல்லை என்று தள்ளும், அடுத்ததற்கு நகரும்.

தள்ளும். அங்கேதான் சிக்கல். அவள் லோகப்பிரியாவிடம் கேட்டாள்.

"தள்ளுபடி ஆச்சுன்னா என்ன ஆகுங் கண்ணு?"

"உங்களுக்கும் உங்க பார்ட்டிக்கும் 'நிராகரிக்கப்பட்டது'ன்னு மெசேஜ் போகுங்க. உங்க பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி விழும்."

"அதுக்குப் பின்னால நிக்கற ஃபைலை எடுக்குமா, இல்லை அன்னைக்குக் கணக்கையே நிறுத்திப்போடுமா?"

"புதுக் கணக்குக்கு முதல் ஃபைலே தள்ளுபடி ஆனது இதுவரைக்கும் நான் பார்த்ததில்லைங்க்கா. சத்தியமாத் தெரியாது."

கோமளா வெங்கடபதியிடம் அப்படியே சொன்னாள். ஒட்டினால் நகரலாம். கணக்கே மூடியும் போகலாம்.

"மூடிக்கிச்சுன்னா?"

"இன்னைக்கு மட்டுமில்லைங்க, அந்த மையத்துல நமக்கு மறுபடி இடம் கிடைக்கறதே கஷ்டம்."

"ஒட்டாம விட்டா?"

"நாலு மணிக்கு இடம் போயிரும். அது உறுதி."

"பாலு போய்ட்டிருக்கான்ல? நேர்ல பேசிப் பார்ப்பான்."

"பென்டிரைவை வாங்க மாட்டாங்க சார். அவருக்கும் தெரியும். சும்மா உக்காந்திருக்க மனசில்லாமப் போனாரு."

வெங்கடபதி பூவாத்தாளைப் பார்த்தார். அவர் சீலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சொன்னார்: "என்னையப் பார்த்தா? எனக்கு என்ன தெரியும். ஆனா ஒண்ணுங். நின்னா நிச்சயமாச் செத்துது. போனாச் சாகலாம், பொழைக்கலாம். எங்க காட்டுக்காரங்க போறதத்தான் செய்வாங்க."

"செய்" என்றார் வெங்கடபதி.

கோமளா மேசை மேலிருந்த கம்ப்யூட்டரிலிருந்து நேராக அனுப்பவில்லை. காலையில் சுழியை அனுப்பியது கீழே இருக்கும் பெட்டி. அதே பெட்டியிலிருந்து அனுப்பினால்தான் அந்த ஓரெழுத்துப் பெயர் அச்சு அசலாக அதே வடிவில் போகும். வேறு வடிவில் போனால் சர்வர் அதை இன்னொரு புதுக் கோப்பு என்று நினைத்து வரிசையின் கடைசியில் நிறுத்திவிடும். மேசைக் கம்ப்யூட்டரில் கட்டளை தட்டும் கறுப்புத் திரையைத் திறந்து, அதன் வழியாகப் பெட்டிக்குள் நுழைந்தாள். 'உ' என்ற பெயரில் இங்கே இருந்த வெற்றுக் கோப்பைத் திறந்து அதில் ஒரு வரி எழுதினாள்: 'இது தவறுதலாக அனுப்பப்பட்டது, தயவுசெய்து நிராகரிக்கவும், கோமளா.' படிக்கப் போவது நிரல்தான். ஆனாலும் யாராவது ஒரு மனிதர் எப்போதாவது திறந்து பார்த்தால் தெரியட்டும் என்று தோன்றியது.

தொடர்ந்து அனுப்பும் கட்டளையைத் தட்டினாள். எண்டர் அழுத்துவதற்கு முன் எழுத்தெழுத்தாக ஒரு தடவை படித்தாள். வெங்கடபதி அவள் தோளுக்குப் பின்னால் மூச்சு விடுவது கேட்டது.

அழுத்தினாள்.

சர்வர் மறுக்கவில்லை. 'அனுப்புதல் முழுமை.'

அடுத்த நிமிடமே பூவாத்தாளின் போன் சிணுங்கியது. அவர் கண்ணுக்கு எட்டத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கோமளாவிடம் நீட்டினார். "சிவப்பா ஏதோ வந்திருக்குதுங்." நிராகரிக்கப்பட்டது. வெங்கடபதியின் போனிலும் அதுவே வந்தது. அவர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

கோமளா லோகப்பிரியாவை அழைத்தாள். "இப்ப என்ன காட்டுது?"

"கட்டம் போட்ட ஃபைல் போயிருச்சுங்க்கா. தள்ளிருச்சு."

"இன்னொண்ணு?"

"காத்திருப்புலயே இருக்குது."

"கணக்கு மூடிருச்சா?"

"மூடுனாப்ல தெரியல. ஆனா நகரவும் இல்லைங்க. ஒரு நிமிசம் லைன்லயே இருங்க."

கோமளா போனைக் காதில் அழுத்திக்கொண்டாள். வெளியே பட்டறையில் யாரோ இழைப்பான் ஓட்ட ஆரம்பித்தார்கள், வெங்கடபதி கதவைத் திறந்து "நிறுத்துடா!" என்று கத்தினார். நின்றது. பூவாத்தாள் எழுந்து வந்து கோமளாவின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அக்கா" என்றாள் லோகப்பிரியா. "சோதனைல ஏறிருச்சுங்க."

"தேறுமா?"

"பெரிய ஃபைலு. நேரம் எடுக்கும். பாதி வந்திருக்குது... இப்ப சுவரோட கனம் போதுமான்னு பார்க்குது..."

நாலு மணிக்கு இன்னும் கொஞ்சமே இருந்தது. கோமளா கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டு, வரைபடத்தை மனதுக்குள் ஓட்டினாள். சக்கரத்தில் தண்ணீரைத் தள்ளும் இதழ்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். எங்காவது ஒரு விளிம்பு மூடாமல் விட்டிருக்கிறேனா? எங்காவது கனம் குறைந்திருக்கிறதா? இல்லை என்று தெரியும். தெரிந்தும் மறுபடி முதல் இதழுக்குப் போனாள்.

மெயில் வரும் சின்ன ஓசை மேசை மேல் கேட்டது. கோமளாதான் திறந்தாள்.

ஏற்கப்பட்டது. இன்று மாலை அச்சிடப்படும்.

வெங்கடபதி வெளியே போய்த் தண்ணீர்க் குழாயில் முகத்தைக் கழுவினார். லோகப்பிரியா போனிலேயே சிரித்துக்கொண்டிருந்தாள். "கறுப்புப் புள்ளி ஒண்ணு இருக்குதுங்க்கா உங்க பேர்ல."

"இருக்கட்டும் கண்ணு. நான் வெச்சதுதான்."

பாலுசாமிக்குப் போன் செய்தார்கள். எடுக்கவில்லை. வண்டி ஓட்டும்போது அவர் எடுப்பதில்லை. பூவாத்தாள் பஸ்ஸுக்குக் கிளம்பப் பையை எடுத்து, என்ன நினைத்தாரோ, மறுபடி உட்கார்ந்துகொண்டார். "மெயில நான் நம்பறேனுங். எங்க ஊர்க்காரங்க நம்போணுமல்ல. ஒருத்தர் கண்ணுல பார்த்தாச் சொல்லலாம்."

இரண்டாவது டீ வந்து ஆறிய பிறகு பாலுசாமியே அழைத்தார். கோமளா போனை எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள்.

"அம்மணி, கேட்டுல நிக்கறேன். பென்டிரைவப் பார்த்ததும் இந்தப் புள்ள பாம்பக் கண்டாப்ல பின்னால போகுது!"

"அண்ணா, போயிருச்சுங்க. ஏத்துக்கிட்டாங்க."

"போயிருச்சா? அப்ப நான் எதுக்குங்க இவ்வளவு தூரம் வந்தேன்?"

பூவாத்தாள் போன் பக்கம் குனிந்தார். "ஏனுங்க, வந்ததுதான் வந்தீங்க. அந்த மெசினு ஓடுதான்னு ஒரு பார்வை பாத்துச் சொல்லுங்க."

போனில் பேச்சு விலகிக் கேட்டது. பாலுசாமி கெஞ்சுவதும், லோகப்பிரியா செருப்பைக் கழற்றிவிட்டு வரச் சொல்வதும், ஒரு கதவு திறப்பதும். பிறகு ஒரு சீரான பெரிய இரைச்சல்.

"கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிக்கறனுங்" என்றார் பாலுசாமி. குரலில் கேலி இல்லை. "மணலப் பரப்புது... மேல ஒண்ணு குறுக்கால போகுது... மறுபடி மணலு."

"சக்கரம் தெரியுதுங்களா?"

"இன்னும் இல்லைங். வெறும் மணல்தான். இருங்க." நெடுநேரம் இரைச்சல் மட்டும் கேட்டது. "ஒரு வளைவு தெரியுதுங். கோழி றெக்கையாட்டம், ஓரத்துல. ஆமாங், நம்ம வளைவுதான்."

பூவாத்தாள் தன் போனை எடுத்துச் சங்கத்துக்கு அழைத்தார். மறுமுனையில் யார் எடுத்தார்கள் என்றுகூடக் கேட்கவில்லை.

"வெட்டு ஆளுக வேண்டாம்னு சொல்லிருங்க" என்றார். "காடு நிக்கட்டும்."